பம்ப்பை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

மேடு ஏறும்போது கார் திணறினால் பலர் உடனே பெட்ரோல் பம்ப்பை மாற்றுகிறார்கள். நான் முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன்; வயரில் வோல்ட் குறைந்தாலும் பம்ப் திணறும்.

என்ஜின் ஓடட்டும். பேட்டரியில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். அப்புறம் பம்ப் கப்ளருக்கு, அதாவது பம்ப்பின் வயர் பிளக்குக்குப் போங்கள்; பல கார்களில் அது பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கசிவுதான் முதல் வேலை.

கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மீட்டரின் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் கரண்டே ஓடாது, அறுந்துபோகும் நிலையில் உள்ள வயர்கூட முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பம்ப் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அவ்வளவு வோல்ட் வழியிலேயே வீணாகிறது; ஃபியூஸ், ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), கப்ளர் என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ரிலேயின் கருகிய முனைதான் என் முதல் சந்தேகம்.

எர்த் பக்கமும் அப்படியே: பம்ப் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டினால், பாடியில் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். இரண்டு பக்கமும் சரி என்றால் பம்ப்பைச் சந்தேகப்படலாம், ஃபில்டரைப் பார்த்துவிட்டு.