பழைய வீட்டைத் தடுப்புச் சுவர் குறைந்த திறந்த அமைப்புக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் 1960களில் கட்டப்பட்ட வீடுகளைப் புதுப்பிப்போர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவிலுள்ள சுவரில்தான். அது கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவரா, வெறும் தடுப்பா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் சொல்ல வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்துக் கொத்தனார் சொல்வது போதாது. பொறியாளர் கூரைக்குள் ஏறி, உத்தரங்கள் எந்தச் சுவரின்மேல் அமர்ந்திருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். தாளிப்புப் புகையை வெளியேற்ற வழி செய்யாமல் இந்தச் சுவரை எடுப்பவர்கள் பிறகு வருந்துவதும் உண்டு.

நகராட்சி வரைபடத்தை ஒப்புக்கொண்டாலே போதும் என்று எண்ணுவது அடுத்த தவறு. 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ, 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியும் தேவை. மாளிகைகளுக்கு மட்டுமே உரிய சட்டம் அன்று இது. 1960களின் தொடக்கத்தில் எழுந்த எளிய வீடும் இன்று இதற்குள் வந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கூரை. தென்னாப்பிரிக்காவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) 2008இல் தடைசெய்யப்பட்டாலும், பழைய வீடுகள் பலவற்றில் கல்நார் தகடுகள் இன்னும் இருக்கின்றன. வெளிச்சத்துக்காக அவற்றை அறுப்பதும், வண்ணம் பூசுமுன் உயரழுத்த நீரால் கழுவுவதும் நுரையீரலை அழிக்கும் இழைகளைக் காற்றில் பறக்கவிடும். அகற்றும் வேலையைப் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரிடமே கொடுக்க வேண்டும்.

வட அரைக்கோள நாடுகளின் நூல்களைப் பார்த்துத் தெற்கில் பெரிய கண்ணாடி வைப்பதும் வீண். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்குச் சன்னலுக்குமேல் அளவான இறவாரம் இருந்தால், கோடை வெயில் தடுக்கப்பட்டுக் குளிர்கால வெயில் மட்டும் உள்ளே விழும். மேற்கில் கண்ணாடியைக் குறைப்பதே நல்லது.

பசுமைப் பொருள் என்றவுடன் கப்பலில் வரும் மூங்கில் தளத்தைத் தேடுகிறோம். அதற்காக டர்பனின் ஓவர்போர்ட், கிளேர்வுட் பக்கத்துப் பழைய வீடுகளில் உறுதியாகவே இருக்கும் மரத்தளத்தைப் பெயர்த்தெறிவதில் பசுமை எதுவும் இல்லை என்பது என் கருத்து. பழுதான பலகையை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் உலர் நிலையில் தேய்க்கக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சுள்ள சுவர்மேல் பிளாஸ்டிக் வண்ணம் அடித்தால், ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிரும். அங்கே சுண்ணாம்பு வெள்ளையே ஏற்றது. புதிதாகப் பைன் மரம் வாங்குவோர், உட்புற வேலைக்கு எச்2, மழை படும் இடத்துக்கு எச்3 என்ற பதப்படுத்தல் முத்திரை மரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.