மாசி, பங்குனியில் தூண்டில்: எந்த இரை, எந்த முள்?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தென்பெண்ணையில் மழைக்காலக் கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளிந்து கிடக்கும் நேரம் இது. புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு இந்தத் தெளிவுதான் பெரிய தொந்தரவு. ஐப்பசியில் வாசனையை மோப்பம் பிடித்து வந்து கண்ணை மூடிக்கொண்டு கவ்விய மீன், இப்போது இரையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். அதனால் இந்த இரண்டு மாதமும் சின்ன முள், மெல்லிய நரம்பு (தூண்டில் நூல்), சின்ன இரை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் ஆற்றைப் பாருங்கள்

இரை டப்பாவைத் திறக்க அவசரம் வேண்டாம். நிழல் தண்ணீரில் விழாதபடி கரையோரம் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அடிமண்ணில் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமான குழிகள் தெரிகிறதா? அவை ஜிலேபி மீனின் கூடுகள். ஆண் மீன் குழியைக் காவல் காக்கும். உள்ளே எது விழுந்தாலும் பசி இல்லாவிட்டாலும் கவ்வி வெளியே தள்ளப் பார்க்கும். கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும் பூச்சிகள், பின்னால் மெல்லிய வால் இழைகளோடு இருக்கும். கூடவே நத்தை, கூனி இறால். அந்த இடத்து மீனின் அன்றாடச் சாப்பாடு இதுதான். நீலகிரியின் குளிர் ஓடைகளில் ட்ரவுட் பிடிப்பவர்கள் முள்ளில் இறகும் நூலும் கட்டிப் போலிப் பூச்சி செய்வதும் இதே கணக்கில்தான்: கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அந்த அளவு, அந்த நிறம். நமக்கு இறகு கட்டும் வேலை இல்லை, அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கல்லடியில் இருப்பது எல்லாம் பொடிசு என்றால் மண்புழுவையும் விரல்கடை அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள்.

முள்ளும் நரம்பும்

முள்ளின் எண் கூடினால் அளவு குறையும், இதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 10 அல்லது 12. ரோகு, கட்லாவுக்கு 6 அல்லது 8. நரம்பு ஜிலேபிக்கு 0.20 மி.மீ., பெரிய கெண்டை இனத்துக்கு 0.30 மி.மீ. போதும். கடைக்காரர் தடித்த நரம்பைத்தான் நீட்டுவார், அறாது என்பார். அறாது என்பது உண்மைதான், தெளிந்த தண்ணீரில் மீனும் கிட்டே வராது.

களி உருண்டை

நம் மாவட்டங்களில் கேழ்வரகுக்குக் குறைவில்லை. காவிரியில் மசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடித்துப் பெயர் வாங்கியவர்கள் முள்ளில் வைத்ததும் கேழ்வரகு மாவு உருண்டையைத்தான். செய்முறை சுலபம். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டிக் கெட்டியாகக் களி கிண்டுங்கள், உப்பு வேண்டாம். கடலைப் புண்ணாக்கைப் பொடித்து வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, மூன்று பங்கு களிக்கு ஒரு பங்கு சேருங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். ஆறிப்போனால் விரிசல் விடும். துளி பஞ்சை உதறி மாவோடு சேர்த்துப் பிசைந்தால் முள்ளை விட்டு நழுவாது.

பதம் சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு உருண்டையை முள்ளில் குத்திக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுத் தொங்க விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கரைந்து கொட்டினால் இளகல், மாவு சேருங்கள். கால் மணி நேரம் கழித்தும் ஓரம்கூடக் கரையாமல் கல்லாக நின்றால் வாசனை தண்ணீரில் இறங்காது, கொஞ்சம் வெந்நீர் தெளித்து மறுபடி பிசையுங்கள். ஓரம் மெல்ல உதிர்ந்துகொண்டே நடு உருண்டை நிற்க வேண்டும்.

ஜிலேபிக்குப் பட்டாணி அளவு, ரோகுவுக்கு நெல்லிக்காய் அளவு. முள்ளின் முனை மாவுக்குள் மறைந்தும் மறையாமலும் இருக்கட்டும்.

எந்த ஆழம்?

மீனின் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்லாவுக்குக் கீழ்த்தாடை மேல்நோக்கி நிற்கும், மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுவில். மிர்காலின் வாய் கீழே பார்க்கும், அடிமண்ணைக் கிளறும். தக்கையை நரம்பில் ஏற்றி இறக்குவது இதற்காகத்தான். ஒரே உருண்டையை மூன்று ஆழத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

கெளுத்திக்கு மண்புழுக் கொத்து அல்லது கோழி ஈரல், இருட்டும் நேரம், அடியில். விராலுக்குப் புல் மண்டிய ஏரி ஓரத்தில் ரப்பர் தவளையை இழுத்துப் பார்க்கலாம். செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே தூண்டில் போடாதீர்கள். பிடித்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீனுக்குத் தீனி.

நேரம்

மாசி விடியலில் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், மீனும் சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் போதும். பங்குனி நடுவில் இது அப்படியே மாறும். அப்போது விடியலும் பொழுது சாய்வதும்தான் நேரம், உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

எங்கே கூடாது?

அணைகளிலும் ஏரிகளிலும் மீன் பிடிக்கும் உரிமை குத்தகையில் இருக்கலாம். அங்கே விசாரித்துவிட்டுப் போடுங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரியில் முதலை உண்டு. இரு மாவட்டக் காடுகளும் சேர்ந்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் தூண்டிலோடு போகவே கூடாது. அந்த ஆற்றின் ஆரஞ்சுத் துடுப்பு மசீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கழிவுநீர் நுரை பொங்கும் நாளில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடிக்கவே இல்லையா?

இருபது நிமிடம் பாருங்கள். முதலில் ஆழத்தை மாற்றுங்கள், அடுத்து முள்ளை ஒரு அளவு குறையுங்கள், இரையைக் கடைசியாக மாற்றுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தக்கை துடிக்கிறது, முழுகவில்லை என்றால் உருண்டை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம், பாதியாக்குங்கள். கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். செவுளை ஒட்டி இரண்டு பக்கமும், முதுகில் ஒன்றும் முள் உண்டு, குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். ஈரத் துணியால் தலையோடு அமுக்கிப் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.