எஞ்சினுக்கு அதன் சொந்த நிறம்: பழைய கார் புதுப்பிப்பவருக்கு முதல் பாடம்

செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூணுக்கு யாராவது எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு மனம் பொறுக்காது. பழைய கார்களின் பானெட்டைத் திறக்கும்போதும் பல நேரம் அதே வேதனைதான். எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்குக் குரோமியம், புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டுக்கு வெள்ளிப் பெயின்ட், கார்புரேட்டருக்குக் கண்ணாடிப் பளபளப்பு! தொழிற்சாலையிலிருந்து எந்தப் பாகம் எப்படி வந்ததோ, அப்படியே அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் புதுப்பிப்பு.

காரைக்குடியில் எங்கள் வீட்டு மோட்டார் கொட்டகையில் ஐயா வாங்கிய 1958ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் 1000 என்ற மாடல் கார் நிற்கிறது. 948 சிசி எஞ்சின். அதில் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

1. படம் எடுங்கள்

கழுவுவதற்கு முன்பே எடுங்கள். ஒவ்வொரு நட்டும் வாஷரும் தெரிய வேண்டும். போல்ட்டுகளை அட்டையில் துளையிட்டு, கழற்றிய வரிசையிலேயே செருகி வையுங்கள்.

2. அசல் நிறத்தைத் தேடுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. டீசலும் நைலான் தூரிகையும் போதும். கம்பித் தூரிகையும் மணல் வீச்சும் மிச்சமிருக்கும் தடயத்தை அழித்துவிடும். வெயிலும் வெப்பமும் கையும் படாத மூலைகளில்தான் பழைய பெயின்ட் பிழைத்திருக்கும்.

எங்கள் எஞ்சினுக்கு முன்பு ஒரு பட்டறையில் முழுக்க வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றி, அதன் உள்மடிப்பில் இறுகியிருந்த கிரீஸை நகத்தால் வழித்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சை தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் இன்னும் ஆழமான பச்சை. அந்தப் பிராக்கெட்டையே பெயின்ட் கடைக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் வைத்து நிறம் கலக்கச் சொன்னேன். டியூப் லைட்டுக்குக் கீழே ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

3. பாகங்களைப் பிரியுங்கள்

எஞ்சினின் உடலான பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட், வால்வு கவர் மூன்றுக்கும் எஞ்சின் நிறமான அந்தப் பச்சை. டைனமோ உடலுக்கும் ரேடியேட்டருக்கும் கறுப்பு. கார்புரேட்டரின் அலுமினியத்துக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வார்ப்பிரும்புக்கும் பெயின்டே கிடையாது. இது எங்கள் காரின் கணக்கு; உங்கள் காருக்கு அதன் மூலைகளே பதில் சொல்லும்.

4. பெயின்ட்

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்க்காமல், நனைத்து, முகக்கவசத்தோடு அகற்றுங்கள். கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகங்களையும் துளைகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, தின்னரால் எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். வெப்பம் தாங்கும் எஞ்சின் எனாமலை இரண்டு மூன்று மெல்லிய கோட்டுகளாக அடிக்கலாம். தடித்த பூச்சு வழியும், பிறகு செதில் செதிலாக உரியும். நம் ஊர்ச் செம்மண் புழுதிதான் பெரிய எதிரி. காற்று கிளம்பும் முன், கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

5. வெறும் உலோகம்

கார்புரேட்டரைப் பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். வார்ப்பின் மெல்லிய சொரசொரப்புதான் அதன் அசல் முகம். ஒருமுறை போனால் திரும்பாது. கார்புரேட்டர் கிளீனரும் மென்மையான தூரிகையும் போதும். கண்ணாடி மணி வீச்சு (நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வது) செய்தே ஆக வேண்டிய எஞ்சின் பாகமானால், எண்ணெய்த் துளைகளை அடைத்த பிறகே கொடுங்கள். உள்ளே தங்கும் மணிகள் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

மேனிஃபோல்டின் சூட்டுக்குச் சாதாரண பெயின்ட் கருகிப்போகும். துருவை நீக்கி, கிராஃபைட் கலந்த அடுப்பு பாலிஷைத் துணியால் தேய்த்தால் வார்ப்பிரும்பின் கருஞ்சாம்பல் நிறம் வரும்.

6. நட்டும் போல்ட்டும்

புதுப்பிப்பைக் காட்டிக்கொடுப்பவை இவைதான். அக்காலத்து மங்கிய வெள்ளி நிறம் பெரும்பாலும் கேட்மியம் முலாம். அது நச்சு என்பதால் அதைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். மங்கலான ஜிங்க் முலாம் பார்வைக்கு மிக நெருக்கமாக வரும். மஞ்சள் மினுக்கம் வேண்டாம் என்று பிளேட்டிங் கடையில் முன்பே சொல்லிவிடுங்கள். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட்டுகளை மட்டும் முலாமுக்குக் கொடுக்காதீர்கள். முலாம் பூசும்போது புகும் ஹைட்ரஜன் உறுதியான எஃகை நொறுங்கவைக்கும். தொழிற்சாலையிலிருந்தே கறுப்பாக வந்த போல்ட்டுகளைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவினாலே போதும்.

பூட்டும்போது ரிங் ஸ்பேனரையே எடுங்கள். திறந்த வாய் ஸ்பேனர் ஒரு முறை நழுவினாலும் நட்டின் முனை மழுங்கி, புது முலாம் உரிந்து, அந்த இடத்திலிருந்து துரு தொடங்கும்.