பழைய மசில் கார் வாங்கிக் கால் மைல் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தக் கோடையிலும் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மசில் கார் என்கிற, பெரிய வி8 எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க வேகக் காரை, ஒரு 1969 செவ்ரலே செவெல்லையோ 1970 பிளைமவுத் ரோட் ரன்னரையோ வாங்கி, ஆகஸ்டில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும் உட்வர்ட் அவென்யூவில் ஒரு சுற்று வந்த சூட்டோடு இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் போட்டியிடும் கால் மைல் பந்தயப் பாதைக்கு வண்டியைக் கொண்டுவருகிறார்கள் நம் பிள்ளைகள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் எங்கே இடறினோமோ, துல்லியமாக அங்கேயேதான் இடறுகிறார்கள். ஆயில் அளவைப் பார், டயரில் காற்றைப் பார், வீல் நட்டை முறுக்கு என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தையோ எலும்பையோ கேட்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பேட்ஜைப் பார்த்து விலை பேசுவது

கிரில்லில் 'எஸ்எஸ்' (சூப்பர் ஸ்போர்ட், செவ்ரலேயின் வேக வகை) என்று ஒட்டியிருந்தால் அது எஸ்எஸ் ஆகிவிடாது. அந்த பேட்ஜ் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். செவெல்லைப் பொறுத்தவரை 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 (எண் எஞ்சினின் கன அங்குலக் கொள்ளளவு) தனி மாடல். வின் எண் (வண்டியின் அடையாள எண்) 138 என்று தொடங்கும். 1969இலிருந்து எஸ்எஸ் என்பது கூடுதல் பணம் கட்டி வாங்கும் விருப்பத் தேர்வாக மாறிவிட்டது. அதன் பிறகு வின் எண்ணை எத்தனை தடவை படித்தாலும் சாதாரண மாலிபுவா, எஸ்எஸ்ஸா என்று அது சொல்லாது. புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த 1969, 1970 வண்டிகளில்தான்.

போன்டியாக் ஜிடிஓவில் கதை தலைகீழ். 1964, 1965இல் அது லெமான்ஸின் விருப்பத் தேர்வு. 1966 முதல் 1971 வரை தனி மாடல், எண் 242 என்று தொடங்கும். போன்டியாக்குக்கு ஆலைப் பட்டியலின் நகலைப் பணம் கட்டி வாங்க முடியும். 1967 முதலான ஃபோர்டுகளுக்கு, ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. கிரைஸ்லர் வண்டிகளில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும்: 1970இல் 'ஆர்' என்றால் 426 ஹெமி, 'வி' என்றால் மூன்று கார்புரேட்டர் 440. அமெரிக்காவில் விற்ற செவ்ரலேக்கு அப்படி ஒரு வசதி இல்லை. வண்டியோடு பிழைத்து வந்த காகிதம்தான் சாட்சி. வண்டியில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று ஆலையில் எழுதி வைத்த தாளான பில்ட் ஷீட் சில சமயம் பெட்ரோல் டாங்கின் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். டாங்கை இறக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அசல் எஸ்எஸ் விலையைக் கொடுக்காதீர்கள்.

பந்தயம்தான் நோக்கம் என்றால், அசல் அல்லாத வண்டி உங்களுக்கு நல்லதே, அதற்குரிய விலைக்குக் கிடைத்தால். தப்பித்தவறி, வண்டியின் எண்ணோடு எண் பொருந்தும் அசல் எஞ்சின் கிடைத்துவிட்டதா? அதைக் கழற்றி, ஆயில் பூசி, ஸ்டாண்டில் ஏற்றி, மூடி வையுங்கள். வேறொரு பிளாக்கை (எஞ்சினின் உடலை) வைத்து எஞ்சின் கட்டிப் பந்தயத்துக்கு ஓட்டுங்கள். சிலிண்டர் சுவரைப் பொத்துக்கொண்டு கனெக்டிங் ராடு வெளியே வந்த பிளாக்குக்கு மாற்று உலகத்தில் கிடையாது.

பழைய குதிரைத் திறனை நம்புவது

428 கோப்ரா ஜெட் 335, ஸ்ட்ரீட் ஹெமி 425, எல்எஸ்6 செவெல் 450. இவை ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் வெறும் எஞ்சினை மேடையில் ஓட்டி எடுத்த கணக்கு. 1972 மாடல்களில்தான் வண்டியில் இருக்கும் நிலையிலான கணக்குக்கு மாறினார்கள். போதாததற்கு, காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் பயந்து சில எஞ்சின்களுக்கு வேண்டுமென்றே குறைத்தும் எழுதினார்கள். கோப்ரா ஜெட் அப்படித்தான். உங்கள் வண்டியின் உண்மையான பலம், ஓட்டம் முடிந்து கையில் தரும் சீட்டில் கடைசி வரியில் இருக்கும் மைல் வேகத்தில் தெரியும்.

புது கேமைப் போட்டுவிட்டு ஐடிலில் ஓடவிடுவது

மற்றவற்றை எல்லாம் விட்டாலும் இதை மட்டும் படியுங்கள். எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் அரை மணி நேரப் பொறுமை இல்லாததால் ஒரு நல்ல எஞ்சின் சாகிறது.

கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு. அதிலுள்ள மேடு லோபு, அந்த மேட்டில் உரசி ஏறி இறங்குவது லிஃப்டர். அந்தக் காலத்து டெட்ராய்ட் வி8களில் இருப்பது ஃப்ளாட் டேப்பட் கேம். லிஃப்டரின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டையாக இருக்கும். ஆனால் நடுவில் மயிரிழை அளவு புடைப்பு உண்டு. கேமின் லோபும் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைத் தன் துளைக்குள் சுழல வைக்கின்றன. சுழன்றால் உரசல் முழு வட்டத்திலும் பரவும். சுழலாமல் நின்றால் லோபின் மூக்கு ஒரே இடத்தில் அரைத்து, சில நிமிடத்தில் கடினமான மேல்தோல் போய்விடும். உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. பிறகு கரைந்துகொண்டே போக வேண்டியதுதான். புது லோபும் புது லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது.

லோபுக்கு ஆயில் பம்ப்பிலிருந்து தனிக் குழாய் கிடையாது. கிராங்க் சுழலும்போது சிதறுகிற ஆயில்தான் அதற்குக் கிடைப்பது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடும்போது, அந்தச் சிதறல் போதாது. அதனால்தான் எஞ்சின் பற்றிய நொடியிலேயே 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, 2,000க்கும் 2,500க்கும் இடையில் ஏற்றி இறக்கி, இருபது முதல் முப்பது நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல உழைப்பாளி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து 396 ஒன்றைக் கட்டினார். பேரிங் இடைவெளி ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் எழுதியிருந்தார். பெரிய கேம், கனமான இரட்டை ஸ்பிரிங். முதல் ஸ்டார்ட்டுக்கு நண்பர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். டைமிங் தோராயமாக இருந்ததால் எஞ்சின் உடனே பற்றவில்லை. ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்றினார்கள். அந்தச் சுழற்சியிலேயே லோபில் தடவியிருந்த பேஸ்ட் வழிந்து போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பற்றியதும், பெரிய கேமின் அந்தத் தட்டுத் தடுமாறும் ஐடில் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் கத்தினார்கள். கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி ஐடிலில் நிறுத்தினார். போனில் படம் பிடித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அது பத்து நிமிடமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் டிக் டிக் என்று சத்தம். ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) நட்டை அரைச் சுற்று இறக்கினார், சத்தம் போனது. நான்கு நாளில் திரும்ப வந்தது. மறுபடி இறக்கினார். இதை நன்றாகக் கவனியுங்கள்: ஒரே வால்வின் ராக்கர் நட் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அங்கே லோபு தேய்கிறது என்று அர்த்தம். வேறு காரணம் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், எஞ்சினை நிறுத்துங்கள். அவர் ஓட்டினார். ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தபோது மடிப்புக்கு மடிப்பு வெள்ளி மாவு.

அடுத்து நடந்ததுதான் இன்னும் பெரிய தப்பு. உதிரிபாகக் கடையில் "புது கேமும் லிஃப்டரும் போட்டால் போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மாவு முதலில் போவது ஆயில் பம்ப்புக்குள். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஃபில்டரின் பைபாஸ் திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். மென்மையான பேரிங் உலோகத்தில் இரும்புத் துகள் பதிந்து உட்கார்ந்து, கிராங்கை அரம் போல ராவும். முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு ஆயில் வழியின் அடைப்பையும் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும் என்று வாதாடிப் பார்த்தேன். கேம் மட்டும் மாற்றினார். ஆகஸ்டுக்குள் மெயின் பேரிங் போனது, கிராங்கும் போனது. சில நூறு டாலர் வேலை, சில ஆயிரம் டாலர் வேலையானது. ஒரு முழுக் கோடை வண்டி கொட்டகையில் கிடந்தது.

ஆயிலும் இதில் உண்டு. லோபையும் லிஃப்டரையும் காப்பது ஆயிலில் கலக்கும் ஜிங்க், பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற வகைகளில் அதற்கு 800 பிபிஎம் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். லிஃப்டரின் அடியில் உருளை வைத்த இன்றைய ரோலர் கேம் வண்டிகளுக்கு அது போதும். கனமான ஸ்பிரிங் போட்ட ஃப்ளாட் டேப்பட் கேமுக்குப் போதாது. பல்பொருள் அங்காடியில் தள்ளுபடியில் வாங்கிய ஆயிலை இந்த எஞ்சினில் ஊற்றாதீர்கள். பிரேக்-இன் ஆயில் என்றே விற்கிறார்கள், அதை ஊற்றுங்கள். அதன் பிறகும் ஜிங்க் அதிகமுள்ள ஆயிலையே தொடருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய லிஃப்டரைப் புது கேமோடு சேர்க்காதீர்கள். லோபிலும் லிஃப்டர் அடியிலும் கேமோடு வந்த பேஸ்டைத் தாராளமாகத் தடவுங்கள். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை முடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் கொண்டு ஆயில் பம்ப்பைச் சுழற்றி, ராக்கர் வரை ஆயில் வருகிறதா என்று பாருங்கள். செவ்ரலேயில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் லிஃப்டர் ஆயில் வழியை அடைத்து நிற்கிறது. வெறும் கம்பியை விட்டுச் சுழற்றினால் ஆயில் அங்கேயே கசிந்துவிடும், அதற்கென்று உறையுள்ள கருவி வேண்டும். டைமிங்கை நிறுத்திய நிலையிலேயே சரியாக வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி நிரப்பி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, முன்னால் பெரிய மின்விசிறி ஒன்றை வைத்துவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள். முதல் சுற்றிலேயே பற்ற வேண்டும். எங்காவது ஒழுகினால் எஞ்சினை அணைத்து, சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து அதே ஆர்பிஎம்மில் தொடருங்கள். ஐடிலுக்கு மட்டும் இறக்காதீர்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்.

கையில் பணம் இருந்தால் ஹைட்ராலிக் ரோலர் கேம் போடுங்கள். விலை அதிகம்தான். அந்த அரை மணி நேரச் சடங்கு வேண்டாம், ஆயிலுக்கும் பயப்பட வேண்டாம். இன்று யாராவது என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பழைய ஆக்சிலில் ஸ்லிக் டயர் மாட்டுவது

1960களின் குறுகிய டயர் வழுக்கும். அந்த வழுக்கல்தான் ஆக்சிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஸ்லிக் (தடம் வெட்டாத பந்தய டயர்) போட்டதும் டயர் பிடித்துக்கொள்ளும். அதிர்ச்சி முழுவதும் ஆக்சிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும். பின் ஆக்சில் வகைகளில் ஃபோர்டு 9 அங்குலமும் டானா 60ம் தாங்கும். ஜிஎம்மின் சின்ன 10-போல்ட், நான்கு கியர் வண்டியில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், நெடுநாள் தாங்காது. 12-போல்ட் நல்லதுதான், ஆனால் செவெல்லில் ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன சி வடிவ வளையம். ஆக்சில் முறிந்தால் சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். 100 மைல் வேகத்தில் அது நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை பார்க்க விரும்பவில்லை. டயருக்கு முன்னால் ஆக்சிலுக்குச் செலவழியுங்கள்.

முறிந்த டிரைவ்ஷாஃப்ட் கீழே விழாமல் தாங்கும் டிரைவ்ஷாஃப்ட் வளையத்தையும் சேர்த்தே மாட்டுங்கள். முன் யூ-ஜாயின்ட் (ஷாஃப்டை இணைக்கும் மூட்டு) முறிந்தால் ஷாஃப்டின் முனை தரையில் குத்தும், வண்டி எழும்பிக் கவிழும். ஸ்லிக் போட்டு 13.99 வினாடியிலோ அதற்கும் வேகமாகவோ கால் மைலை ஓடும் வண்டிக்கு, இந்தப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்ஹெச்ஆர்ஏ அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

தெரு டயரோடு தண்ணீர்ப் பெட்டிக்குள் இறங்குவது

கிளம்பும் கோட்டுக்கு முன், ஸ்லிக் டயரைச் சுழற்றிச் சூடாக்குவதற்காக நனைத்து வைத்திருக்கும் இடம் அது. தெரு டயர் என்றால் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். தடம் வெட்டிய டயர் தண்ணீரைச் சுமந்து வந்து, பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கிளம்பும் இடத்தை நனைக்கும்.

பச்சை விளக்குக்குக் காத்திருப்பது

பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் விளக்குக் கம்பத்தை மரம் என்பார்கள். சாதாரண மரத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் எரியும். பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். மூன்றாவது மஞ்சள் எரியும்போதே கால் இறங்க வேண்டும். ஓட்ட நேரத்தின் கடிகாரம் உங்கள் முன் டயர் ஒளிக்கதிரைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது, அதனால் தாமதமாகக் கிளம்பினாலும் சீட்டில் நேரம் நன்றாகவே தெரியும், பந்தயம் மட்டும் போய்விடும். சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது, முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நேரம். அங்கே வினாடியில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், முடிவில் அதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் குறையும். குதிரைத் திறனுக்குக் கொட்டும் பணத்தைவிட டயர் அழுத்தத்தையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது அதிகம் தரும்.

ஹெல்மெட்

13.99 வினாடி, அதற்கும் வேகம்: கட்டாயம். 11.49க்கு ரோல் பாரும் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) கட்டாயம். திறந்த கூரை வண்டிக்கு அது 13.49லேயே. மெதுவாக ஓடினாலும் ஹெல்மெட் போடுங்கள்.

பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்

இன்றைய பெட்ரோலில் எத்தனால் உண்டு. பழைய ரப்பரில் வெடிப்பு விடும், பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டும். வண்டி வாங்கிய அன்றே எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

காப்பீடு

பழைய வண்டிகளுக்கான பெரும்பாலான பாலிசிகள் நேரம் அளந்து ஓடும் பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. பாதைக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.