புகைப்புரைச் சூட்டில் தண்ணீர் இறைக்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தப் புகைப்புரை வைத்திருப்பவர்களுக்கு, இந்தச் சூடு சும்மா போகிறதே, இதை வைத்து விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, தண்ணீர் ஏற்றினால் என்ன என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கும். தோன்றியது தப்பில்லை. அதற்கென்றே ஃப்ளூயிடைன் என்று ஒரு எஞ்சின் உண்டு, 1969-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் காலின் வெஸ்ட் உருவாக்கியது. இரும்பு பிஸ்டன் கிடையாது, யு வடிவக் குழாயில் ஆடும் தண்ணீரே பிஸ்டன். ஒரு கை சூடு, மறு கை குளிர்ச்சி. மேலே அடைபட்ட காற்று சூட்டுப் பக்கம் போனால் விரியும், குளிர்ந்த பக்கம் வந்தால் சுருங்கும், அந்த இழுபறியில் வெளிக்குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும்.

ஓடவில்லை என்றதும் எல்லோரும் செய்வது, அடுப்பில் இன்னும் நாலு சிரட்டை போடுவது. நானும் போட்டேன். எஞ்சினுக்கு வேண்டியது இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம், தீயை ஏற்ற ஏற்ற குளிர்ந்த கையும் காய்ந்து அந்த வித்தியாசமே போய்விடும். குளிர்ந்த கையில் நனைத்த சாக்கைச் சுற்றுங்கள். இறைக்கிற தண்ணீரையே அதன் மேல் ஓடவிட்டால் இன்னும் நல்லது. 90 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவே எந்த எஞ்சினும் வாங்கும் சூட்டில் 16.5 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது, சூட்டுப் பக்கம் 60 டிகிரிதான் என்றால் உச்சவரம்பே 9 சதவீதம்தான். நாம் கையால் செய்தது 1 சதவீதத்தைத் தொட்டாலே பெரிய காரியம்.

ஏறி இறங்கும் தண்ணீரை ஒரே பக்கமாகப் போகவைக்கும் வால்வில்தான் ஒரு மாதம் தொலைத்தேன். மோட்டாருக்குப் போடும் ஸ்பிரிங் வைத்த பித்தளை வால்வை மாட்டிவிட்டு, எஞ்சின் ஜோராக ஆடுகிறது, சொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று முழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே எழும் அழுத்தமே ஒரு மீட்டர் தண்ணீரைத் தாங்கினால் அதிகம், அது ஸ்பிரிங்கைத் தள்ளித் திறப்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய மடல் போதும். வாயால் ஊதினால் திறக்க வேண்டும், அவ்வளவு லேசாக.

அப்புறம் நீளம். யு குழாயில் தண்ணீரின் மொத்த நீளம் 1 மீட்டர் என்றால் ஒரு முறை ஆடி வர 1.4 விநாடி, 2 மீட்டர் என்றால் 2 விநாடி; ஒரே சீரான குழாய் என்றால் பருமனா ஒல்லியா என்பது கணக்கில் வராது. வெளிக்குழாயின் ஆட்டம் இதோடு ஒத்துப் போகாவிட்டால், தாளம் தப்பித் தள்ளிய ஊஞ்சல் மாதிரி, இரண்டு துள்ளு துள்ளி அடங்கிவிடும். வெளிக்குழாயை முதலில் நீளமாகவே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

சூட்டுக் கைக்கு சாதா பிவிசி வேண்டாம், இளகிவிடும், செம்பு போடுங்கள். சூட்டுப் பக்கத் தண்ணீரில் ஒரு தக்கையை மிதக்கவிட்டால் ஆவியாகிச் சூட்டைத் தின்பது குறையும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் காற்றுக்கசிவு பார்த்துவிடுங்கள்.

முப்பதடிக் கிணற்றுக்கு இதை நம்பி இறங்காதீர்கள். வாய்க்காலிலிருந்து இடுப்பு உயரத்தில் இருக்கும் வாழைக்கு என்றால் சரி: 1 கிலோவாட் சூடு, அரை சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர்.