புயலுக்கப்புறம் அலையாத்திக் காடு: கன்னு நடுறதுக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க

புயல் ஓஞ்ச கையோட பேனரும் கன்னுமா அலையாத்திக் காட்டுக் கழிக்குள்ள எறங்கிடாதீங்க (உப்புத்தண்ணி சேத்துல வளர்ற மாங்குரோவ் காடுதான் அலையாத்தி). 2011 தானே, 2024 ஃபெஞ்சல்னு கடலூர் புதுச்சேரி பக்கம் நாம பாக்காத புயலா, அடிச்சு முடிச்சதும் இலையெல்லாம் கொட்டி காடே கருகிப்போன மாதிரிதான் தெரியும், அதுக்காக மரம் செத்துருச்சுனு முடிவு கட்டக்கூடாது.

மொதல்ல பட்டைய லேசா சுரண்டுங்க, உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்கு, விட்டுடுங்க. தில்லை மரத்துல மட்டும் இந்த வேலை வேணாம், அந்தப் பால் கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது. வெண்கண்டல் ஒடிஞ்சாலும் தண்டுலேர்ந்தே துளிர்க்கும். சுரபுன்னைக்கு அந்த வரம் இல்ல, முத்துன கிளை முறிஞ்சா முறிஞ்சதுதான்.

அடுத்தது தண்ணி, என்னக் கேட்டா முக்கால்வாசி வேலை இங்கதான். 2017ல ஃப்ளோரிடாவுல இர்மா புயல் அடிச்சப்போ, கடல் தண்ணி ஏறி வடியாம நின்ன பள்ளத்துலதான் மரம் கூட்டமா செத்துச்சு. பிச்சாவரத்துல புயலே இல்லாம இது நடந்துச்சு, வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து 1970கள் வரைக்கும் கூப்பு போட்டு, அதாவது காட்ட பகுதி பகுதியா பிரிச்சு, மொட்டையா வெட்டுனதுல மண்ணு காஞ்சு அமுங்கி, உள்ள வந்த தண்ணி வெளிய போக வழியில்லாம வெயில்ல வத்தி உப்பேறிப்போச்சு. அப்புறம் 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன் முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டி, தண்ணி வந்து போக ஆரம்பிச்சப்புறம்தான் காடு திரும்புச்சு.

அதனால கடல் தண்ணி எறங்குற நேரத்துல போங்க. எங்க குட்டை கட்டி நிக்குது, எந்த வாய்க்கா வாய மணலும் விழுந்த மரமும் அடைச்சிருக்கு, சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு காத்து இழுக்குற மூச்சு வேரோட நுனி சேத்துக்குள்ள பொதைஞ்சிருக்கான்னு பாத்து குறிச்சுக்கங்க. பிச்சாவரம் மாதிரி காடு அரசாங்கம் காக்குற காப்புக்காடு, வனத்துறைகிட்ட சொல்லாம மம்பட்டி வைக்காதீங்க. வாய்க்கா வாய மட்டும் தொறந்துவிட்டாலே பல இடத்துல வெதை தானா மெதந்து வந்து ஒட்டிக்கும், நடவே தேவைப்படாது. விழுந்த மரத்த வெறகுக்கு இழுத்துட்டு வராதீங்க, வெதை ஒதுங்கறதே அதுலதான்.

அப்பவும் மொளைக்கலன்னா நடுங்க. சுரபுன்னைக் காய் லேசா திருகுனாலே கையோட வரணும், கூருள்ள பக்கம் கீழ இருக்க மூணுல ஒரு பங்க சேத்துல சொருகுனா போதும். வாய்க்காலோட சரிவுல நடுவாக்குல நடுங்க, அடியில நட்டா மூழ்கிடும், மேட்டுல நட்டா உப்புல கருகிடும். ஆடு மாடு வராம வேலி போடணும், வாய்க்கா தூந்துச்சுன்னா தூர் வாரணும்.