குப்பைமேடா கெடக்குற காலி மனைய எல்லாரும் சேந்து பாக்குற தோட்டமா மாத்தணுமா? மொதல்ல ஒரு பெஞ்ச் போடுங்க

நெறைய பேரு பண்ற தப்பு, ஆர்வக்கோளாறுல நேரா மண்வெட்டியத் தூக்கிட்டு எறங்கிடுறது. நாலு ஞாயித்துக்கிழம இடுப்பொடிய வேல பாத்து பாத்தி கட்டி முடிச்சிருப்பாங்க, அஞ்சாவது வாரம் எடத்துக்காரர் வந்து யாரக் கேட்டு பண்ணீங்கன்னு நிப்பாரு. அதனால எடம் யாரு பேர்ல இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிங்க. எத்தன வருசத்துக்கு, காலி பண்ணணும்னா எத்தன மாசம் முன்னாடி சொல்லணும், யாருக்காவது அடிபட்டா யாரு பொறுப்பு, தண்ணிக்கு யாரு காசு கட்டுறது, இந்த நாலும் எழுத்துல வரணும், வாய்வார்த்தைய நம்பாதீங்க.

கொஞ்ச வருசத்துக்குத்தான் எடம்னாலும் பரவால்ல. பெர்லின்ல மோரிட்ஸ்பிளாட்ஸ் பக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல சும்மா கெடந்த மனையில 2009ல பிரின்ஸெஸின்னன்கார்ட்டன்ற பொதுத் தோட்டத்த ஆரம்பிச்சப்ப செடிங்கள பிளாஸ்டிக் கிரேட்லயும் சாக்குலயும்தான் வச்சாங்க. கெளம்பச் சொன்னா அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம், கீழ மண்ணு எப்படியோன்ற பயமும் கெடையாது.

அந்த மண்ணு விசயத்துல மட்டும் அலட்சியம் வேணாம். பழைய கட்டடம் இடிச்ச எடம்னா பெயிண்ட்ல இருந்த ஈயம் மண்ணுல கலந்திருக்கும், வொர்க்‌ஷாப்போ பெட்ரோல் பங்கோ இருந்த எடம்னா ஆயில் எறங்கியிருக்கும், அக்கம்பக்கத்துல வயசானவங்களக் கேட்டாலே பாதிக் கத தெரிஞ்சுடும். மிச்சத்துக்கு பத்து எடத்துல மேல் மண்ண எடுத்து லேப்ல குடுத்து, ஈயம் மாதிரி கன உலோகம் இருக்கான்னு பாக்கணும்னு தெளிவா சொல்லுங்க, சும்மா மண் பரிசோதனைன்னு சொன்னா உரச்சத்து மட்டும் பாத்து அனுப்பிடுவாங்க. ஈயம்னதும் எல்லாரும் காய்கறியப் பத்தித்தான் பயப்படுறாங்க, ஆனா வெறும் மண்ணுல வெளையாடிட்டு அதே கைய வாயில வைக்கிற கொழந்தைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. அதனால வெறும் தரைய மரச் சில்லு போட்டு மூடிடுங்க. பாத்திய 30 செ.மீ. ஒசரத்துக்குக் கட்டி, அடியில தண்ணி எறங்குற துணி விரிச்சு வெளி மண்ணும் கம்போஸ்டும் கலந்து போடுங்க. அகலம் 120 செ.மீ.க்கு மேல வேணாம், ரெண்டு பக்கத்துல இருந்தும் நடுவுக்குக் கை எட்டணும். பழைய ரயில் தண்டவாளக் கட்ட சும்மா கெடைக்குதேன்னு எடுக்காதீங்க, மரம் உளுத்துப் போகாம இருக்க அதுல ஏத்தியிருக்குற கிரியோசோட்ன்ற தார் எண்ண மண்ணக் கெடுத்துடும். சந்தேகமான மண்ணுன்னா கீர, முள்ளங்கி வேணாம், தக்காளி, கத்தரி மாதிரி காய்க்கிறத வைங்க.

தண்ணிக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில 1 மி.மீ. மழ பெஞ்சா ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் ஷெட்டுக்கு 10 மி.மீ. மழையில 200 லிட்டர் வரும். ஆயிரம் லிட்டர் டேங்க் நெறஞ்சா ஒரு டன்னு, சாயாத மேடையா பாத்து வைங்க, கொசு போகாத வல போடுங்க.

இப்ப பெஞ்சுக்கு வரேன். செடி வளர மாசக்கணக்காகும், அதுவரைக்கும் ஆளுங்க எதுக்கு வரணும்? உக்கார எடமும் நெழலும் இருந்தா வருவாங்க. நாங்க மொதல்ல ஒரு பெஞ்ச் போட்டு, பக்கத்துல ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் வச்சு இங்க என்ன வேணும்னு மட்டும் எழுதி விட்டோம். மொத வாரம் வந்த பதில்: லைட்டு, நெழலு, நாய உள்ள விடாதீங்க. காய்கறின்னு ஒருத்தர்கூட எழுதல! லைட்ட போட்டப்புறம்தான் சாயந்தரம் பொம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க, அவங்க வந்தப்புறம்தான் தண்ணி ஊத்த ஆள் கெடச்சுது.

சாவிய ஒருத்தர்கிட்ட மட்டும் குடுக்காதீங்க. எங்க சாவிக்காரர் பத்து நாள் ஊருக்குப் போயிட்டாரு, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு மொளகாச் செடி காயுறத வேடிக்க பாத்தோம். இப்ப நம்பர் பூட்டு. நம்பர அப்பப்ப மாத்துவோம், மாத்துன அன்னைக்கே அத பூட்டு மேலயே மார்க்கர்ல எழுதி வைக்கிறவரும் எங்க குரூப்ல இருக்காரு.